சாலையின் கதை – 23: கறுப்பு உறை மாட்டிய விளக்கு

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 108ஆம் விதி விளக்குகளைப் பற்றியது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக் கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு விளக்கு எரியக் கூடாது என்பது அதன் அடிப்படை. இதற்குச் சில விலக்குகள் இருந்தன. ஆம்புலன்ஸுக்கு ஊதாக் கண்ணாடி போட்ட, விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. மத்திய, மாநில அரசுகள் பட்டியலிட்ட உயர் பதவியினரின் காருக்குக் கூரையில் சிவப்பு விளக்கு. இந்த இரண்டாவது விலக்கோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருந்தது: அந்தப் பதவியினர் காரில் இல்லாதபோது விளக்கை எரியவிடக் கூடாது, கறுப்பு உறையால் மூடிவைக்க வேண்டும். எரியவிடக் கூடாது என்பது புரிகிறது. எரியாத விளக்கை எதற்காக மூட வேண்டும்? நோயாளி இல்லாமல் திரும்பும் ஆம்புலன்ஸ் தன் விளக்கை அணைத்தால் போதும். யாரும் அதற்கு உறை தேடுவதில்லை. பதவியினரின் காரிலோ அணைந்த விளக்கும் வேலை செய்தது. சோதனைச் சாவடியில் தடுப்பு உயர்ந்தது, நிறுத்தக் கூடாத இடத்தில் கார் நின்றது, காவலரின் கை சல்யூட்டுக்குப் போனது. விதியை எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு அந்த உறையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சென்ற வாரம் மணியும் சைரனும் வந்த வழியைப் பார்த்தோம். இந்த வாரம் ஒளியின் முறை. எச்சரிக்கை விளக்கின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம். எண்ணெய் விளக்கு போய் பல்பு வந்தது, பல்பு சுழலத் தொடங்கியது, பிறகு எல்.இ.டி. வந்தது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பளிச்சென்று எரிந்தது, ஆகவே சாலையும் அந்த அளவுக்குப் பாதுகாப்பானது என்று கதை முடியும். என் கட்சி வேறு. சாலையில் எல்லோருக்கும் சமமாக இருக்கும் உரிமையை ஒரு வண்டிக்காக மற்றவர்கள் சற்று நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கும் அடையாளம் இந்த விளக்கு. கேட்டால் கொடுப்பார்களா என்பது அதன் பிரகாசத்தைப் பொறுத்தது கொஞ்சம்தான். அப்படிக் கேட்கும் உரிமை எத்தனை பேருக்கு, எதற்காகத் தரப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அதைவிட மிக அதிகம். 'புலி வருது' கதையில் கடைசி நாளன்று சிறுவனின் குரல் ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

அதற்காகக் கருவிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. முன்பக்கம் பார்த்து எரியும் ஒற்றை விளக்கு, அது நிலையாக எரிந்தாலும் விட்டுவிட்டு எரிந்தாலும், முன்னால் போகிறவரின் கண்ணாடியில் தெரியும். குறுக்குச் சாலையிலிருந்து வருபவருக்குத் தெரியாது. அவசர வண்டிக்குப் பெரிய ஆபத்து காத்திருப்பதோ சாலைகள் சந்திக்கும் இடத்தில். சிகாகோவின் ஃபெடரல் நிறுவனம் 1948இல் கொண்டுவந்த 'பீக்கன் ரே' இந்தக் குறையைத் தீர்த்தது. கூரைமேல் ஒரு வண்ணக் குமிழ், அதற்குள் சின்ன மோட்டாரின் உதவியால் சுற்றிவரும் விளக்குகள். பின்னால் வந்த பல வடிவங்களில் பல்பு அசையாமல் நிற்கும், அதைச் சுற்றிக் குழிந்த ஆடி மட்டும் சுழலும். எப்படியானாலும் விளக்கு ஒருபோதும் அணைவதில்லை. ஒளிக்கற்றை நம் கண்ணைக் கடக்கும் கணத்தில் மட்டும் மின்வெட்டாகத் தெரிகிறது. கலங்கரை விளக்கத்தில் நெடுங்காலம் பழகிய உத்திதான் இது: ஒரே விளக்கின் ஒளியை நாலு பக்கமும் சிதறவிடாமல் ஒரு கற்றையாகத் திரட்டி, அந்தக் கற்றையை நாலு பக்கமும் அனுப்புவது. அடுத்து விமானங்களிலிருந்து செனான் வாயுக் குழாயின் பளீர் வெட்டு சாலைக்கு வந்தது. அது கூர்மையானது, ஆனால் மிகக் குறுகிய நேரமே மின்னுவதால் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிப்பது கடினமாக இருந்தது. ஐ.நா.வின் வாகன விதிகளில் 65ஆம் எண் விதி, எச்சரிக்கை விளக்கு நொடிக்கு 2 முதல் 4 முறை மின்ன வேண்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை எட்டிய பிறகு மீதிக் கதை வேகமாக முடிந்துவிடுகிறது. பல்பின் வெளிச்சத்தில் நீலம் சிறு பகுதிதான். நீலக் குமிழை மேலே கவிழ்த்தால் பெரும்பகுதி ஒளி குமிழிலேயே அடங்கிப்போகும். எல்.இ.டி. நேரடியாக நீலத்தையே உமிழ்ந்தது. பேட்டரிக்குப் பாரம் குறைந்தது, விளக்கு பட்டையாகவும் பொட்டாகவும் எந்த இடுக்கிலும் உட்கார முடிந்தது.

நிறத்துக்கு வருவோம். நீலம்தான் அறிவியல்பூர்வமான நிறம், சிவப்பு பழக்கதோஷம் என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள்பச்சைக்கு அதிகம் கூர்மை காட்டும். இருட்டில் அந்தக் கூர்மை 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன இந்த மாற்றத்தால், இரவில் சிவப்பு மங்கி நீலம் எழும். ஆனால் ஐரோப்பா நீலத்துக்குப் போனது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தல்ல. ஜெர்மனியில் 1938இல் நடைமுறைக்கு வந்த வாகன ஒழுங்குமுறை போலீஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு நீலத்தை ஒதுக்கியது. வான்வழித் தாக்குதலை எதிர்பார்த்து நகரங்களை இருட்டடிப்புக்குத் தயார்செய்துகொண்டிருந்த காலம் அது. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும், ஆகவே உயரத்தில் பறக்கும் விமானிக்கு எளிதில் தெரியாது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கும் விளக்குக்கு, ஒரு திசையில் தெரியாமலிருப்பதே தகுதியாக அமைந்தது. போர் முடிந்த பின்னும் நிறம் மாறவில்லை. அண்டை நாடுகளும் ஒவ்வொன்றாக அதையே எடுத்துக்கொண்டன. ஜப்பானில் இன்றுவரை சிவப்பு; அங்கே யாருக்கும் வழி கிடைக்காமல் போய்விடவில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு மாறுகிறது. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் தன் சொந்தக் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு வழிவிட வேண்டிய கட்டாயம் மற்றவர்களுக்கு இல்லை. வேறு பல மாநிலங்களில் அதே நீலம் போலீஸுக்கு மட்டும் உரியது. எந்த நிறம் வழி கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதைக் கண் தானாக அறிவதில்லை. அந்தந்த ஊரின் சட்டமும் பழக்கமும்தான் கற்றுத்தருகின்றன.

சரி, நிறம் போகட்டும், வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தையும் செறிவையும் சோதித்து ஓர் அறிக்கை தந்தது. பகலில் விளக்கு பிரகாசமாக இருப்பது உதவுகிறது, இரவில் அதே பிரகாசம் தேவையில்லை, ஆகவே பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு செறிவு வேண்டும் என்றது. நீலத்தை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம் என்றும் பரிந்துரைத்தது. நின்றிருக்கும் தீயணைப்பு வண்டியின் பக்கத்தில் வேலை செய்யும் வீரருக்கு, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு காவலாவதைவிட அவரை மறைக்கும் திரையாகிவிடக்கூடும் என்பதைச் சாலை விபத்துகளைக் கையாளுகிறவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அமெரிக்கா சட்டத்தின் பக்கமும் திரும்பியிருந்தது. விளக்கு எரியும் வண்டி ஓரத்தில் நின்றால், வருகிறவர் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்ற சட்டத்தை முதலில் 1996இல் தெற்குக் கரோலினா கொண்டுவந்தது. 2012க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. கூரை நிறைய விளக்கு வைத்திருந்த ஒரு நாட்டுக்கே, அந்த விளக்கைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று தனியாக எழுதிவைக்கத் தேவைப்பட்டது.

இனி நம் ஊர்ச் சிவப்புக்கு. உயர் பதவியினர் யார் என்று மத்திய அரசு 2002லும் 2005லும் அறிவிக்கைகள் வெளியிட்டது. அந்தப் பட்டியல் இரண்டு அடுக்காக இருந்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி, மக்களவைத் தலைவர், கேபினட் அமைச்சர்கள் ஆகியோருக்கு மின்னும் சிவப்பு. தலைமைத் தேர்தல் ஆணையர், இணை அமைச்சர்கள், முப்படைத் தளபதிகள் ஆகியோருக்கு மின்னாத சிவப்பு. போக்குவரத்துப் பொறியாளர் எவரும் இப்படி ஒரு பாகுபாட்டை வகுக்க மாட்டார். கேபினட் அமைச்சரின் அவசரம் மின்னும், இணை அமைச்சரின் அவசரம் மின்னாது என்பதற்குச் சாலையில் ஒரு பொருளும் கிடையாது. அரசு விருந்தில் யார் எந்த வரிசையில் அமர்வது என்பதன் நீட்சிதான் அது. மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனித்தனிப் பட்டியல் போட்டு அவற்றை நீட்டிக்கொண்டே போயின. பட்டியலில் இல்லாதவர்களும் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இப்படி ஒரு சிவப்பு விளக்கு பின்னால் வரும்போது, வழிவிடும் ஓட்டுநர் யாருக்காக விடுகிறோம் என்று எப்படி அறிவார்? உயிருக்காகவா, அதிகாரத்துக்காகவா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாத நிலையில், இரண்டுக்கும் ஒரே அளவு அலட்சியத்தை அவர் பழகிக்கொள்வது இயல்பு.

உச்ச நீதிமன்றம் அபய் சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசு வழக்கில் 2013 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வியும், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து சென்ற சி. நாகப்பனும். மாநிலங்கள் மத்திய அறிவிக்கைகளைத் தாண்டிப் பட்டியலை விரிக்கக் கூடாது, சிவப்பு உயர் பதவியினருக்கு மட்டும் என்றது தீர்ப்பு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸின் பாதுகாப்பு வண்டி முதலியவை சிவப்பை விட்டுவிட்டு நீலம், வெள்ளை, பலநிறம் என்று வேறு விளக்கு வைத்துக்கொள்ளலாம். பல ஒலி எழுப்பும் ஹார்ன்களுக்கும் கடிவாளம் போட்டது. துணிச்சலான தீர்ப்புதான், ஆனால் பாதிக் கிணறு. அவசரத்தையும் அந்தஸ்தையும் ஒரே நிறம் சுமக்கக் கூடாது என்று பிரித்தவரை அது சரி. பிரித்த பிறகு, உலகம் முழுக்க ஆபத்துக்கென்று அறியப்பட்ட சிவப்பை அந்தஸ்துக்கும், நம் சாலைக்கு அதிகம் பழகாத நீலத்தை அவசரத்துக்கும் கொடுத்ததுதான் விநோதம். கூரைமேல் அந்தஸ்துக்கென்று ஒரு விளக்கு இருக்கவே வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருந்தது.

இருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் கேட்போம். நாட்டின் பிரதமர் கொலை மிரட்டல்களுக்கு நடுவே பயணம் செய்பவர், அவர் கார் நெரிசலில் சிக்கி நிற்பது அவருக்கு மட்டும் ஆபத்தல்ல என்பார்கள். உண்மை. ஆனால் அந்த ஆபத்தைத் தீர்ப்பது முன்னும் பின்னும் செல்லும் போலீஸ் வண்டிகள், அவற்றுக்கு விளக்கு வைத்துக்கொள்ளும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. உண்மையில் காப்பாற்றப்பட வேண்டியவர் எந்தக் காரில் இருக்கிறார் என்று கூரைமேல் விளக்கு வைத்து அறிவிப்பது பாதுகாப்பின் எந்தக் கணக்கில் சேரும்? 2017 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை இந்த வாதத்தைக் கைவிட்டது. மே 1 முதல் குடியரசுத் தலைவர் தொடங்கி எவர் காரிலும் சுழல் விளக்கு இல்லை என்றானது. அன்றைய தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்த நாள்வரை காத்திராமல் அறிவிப்பு வந்த கையோடு தன் காரிலிருந்து விளக்கைக் கழற்றவைத்தார். திருத்தப்பட்ட 108ஆம் விதி சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கைத் தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு, பேரிடர் மேலாண்மை ஆகிய பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட வண்டிகளோடு நிறுத்தியது. (நம் ஆம்புலன்ஸ் தொலைபேசி எண்ணும் இந்த விதியின் எண்ணும் ஒன்றாக அமைந்தது முழுக்கத் தற்செயல், 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியவர்கள் மோட்டார் வாகன விதிகளைப் புரட்டி எண் தேடவில்லை.)

இது இந்தியர்களுக்கே உரிய வியாதி என்று நினைத்தால் மாஸ்கோவைப் பார்க்க வேண்டும். அங்கே அதிகாரிகளின் கார்களில் நீல விளக்கு. அவை எதிர்த் தடத்தில் பாய்ந்து செல்வதைச் சகித்துச் சலித்த ஓட்டுநர்கள் 2010இல் பிள்ளைகள் மணலில் விளையாடும் நீல நிற பிளாஸ்டிக் வாளிகளைத் தங்கள் கார் கூரையில் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வாளிக்கும் விளக்குக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. போலீஸார் அவர்களை நிறுத்தி விசாரித்தார்கள். வாளியில் பல்பு இல்லை, மோட்டார் இல்லை. இருந்தும் அது யாரைக் குத்துகிறது என்று பார்த்தவர் எல்லோருக்கும் புரிந்தது. 2012இல் ரஷ்ய அரசு நீல விளக்குக் கார்களின் எண்ணிக்கையைக் குறைத்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017க்குப் பிறகும் சென்னையின் மாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டுதானே இருக்கிறது? அமைச்சர் விளக்கு போய்விட்டதால் வழி பிறந்துவிட்டதா? பிறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நகர இடமில்லாத சாலையில் நம்பிக்கையும் நகராது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஈ பிரிவு, அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதுவும் இடத்தை உண்டாக்கித் தராது. ஆனால் இடம் இருந்தும் விலகாத ஓட்டுநர் இருக்கிறார் அல்லவா, அவர் விஷயத்தில் நம்பிக்கைதான் கேள்வி. உள்ளே நோயாளி இருக்கிறாரா, டீ குடிக்கப் போகிறார்களா என்ற சந்தேகம் அவர் மனத்தில் ஒரு கணம் ஓடுகிறது. அந்த ஒரு கணம் போதும். பதவியினரின் விளக்கு பல ஆண்டுகளாக விதைத்த சந்தேகம் அது, ஒரு மே மாதத்தில் உதிர்ந்துவிடாது.

மறுப்பை இன்னும் ஆழமாகவும் வைக்கலாம். விளக்கும் சைரனும் உண்மையில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகின்றன? 1995இல் வெளியான ஆய்வு ஒன்று, வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் விளக்கும் சைரனும் போட்டு மருத்துவமனைக்குப் போன ஆம்புலன்ஸை அவை இல்லாமல் போன பயணத்தோடு ஒப்பிட்டது. சராசரி மிச்சம் 43.5 நொடி. சிறிய நகரம் அது, டெல்லிக்கோ சென்னைக்கோ அந்த எண்ணை அப்படியே தூக்கிவைக்க முடியாது. இருந்தாலும் மாரடைப்புக்கு அந்த நொடிகள் பொருட்டு, சுளுக்குக்குப் பொருட்டல்ல என்ற பாடத்தை அமெரிக்காவின் அவசர மருத்துவ அமைப்புகள் எடுத்துக்கொண்டன. 2022இல் பல அமைப்புகள் கூடி, விளக்கு சைரன் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று கூட்டறிக்கையே வெளியிட்டன. இந்த எண் என் வாதத்தைக் கவிழ்ப்பதாகத் தோன்றலாம், எனக்கோ இது அதற்கு முட்டுக்கொடுப்பதாகவே படுகிறது. சிக்கனம் அமைச்சருக்கு மட்டும் விதிக்கப்பட்டதல்ல, ஆம்புலன்ஸுக்கும் உண்டு. ஜெர்மானியச் சாலைப் போக்குவரத்து விதியின் 38ஆம் பிரிவு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. உயிரைக் காப்பது, பெரும் ஆபத்தைத் தடுப்பது போன்ற காரணம் இருந்தால்தான் நீல விளக்கையும் ஹார்னையும் சேர்த்துப் போடலாம். இரண்டும் சேர்ந்தால் மற்றவர்கள் உடனே ஒதுங்கியாக வேண்டும். விபத்து நடந்த இடத்தில் எரியும் வெறும் நீலம் எச்சரிக்கிறது, அவ்வளவே; வழி கேட்பதில்லை. ஒரே விளக்கு, இரண்டு பொருள், நடுவில் தெளிவான கோடு.

நம் 2017 திருத்தத்திலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது, அதிகம் பேசப்படாத கோடு. குறிப்பிட்ட பணியில் இல்லாதபோது பலநிற விளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதோடு, எந்தெந்த வண்டிகளுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு மாநிலத்தின் போக்குவரத்து அதிகாரிகளும் ஆண்டுதோறும் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்கிறது அது. யார் வழி கேட்கலாம் என்பதை வழி கொடுப்பவருக்கே சொல்லிவிடும் ஏற்பாடு. விளக்கை இழந்த ஆசையோ வேறு இடம் தேடிக்கொண்டது: முன்கண்ணாடியில் துறையின் பெயர், பதவியின் பெயர், கட்சிக்கொடி. 2024 மே மாதம் சென்னை போக்குவரத்துப் போலீஸார் அனுமதியில்லாத ஸ்டிக்கர்கள்மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். ஸ்டிக்கர் வழி கேட்பதில்லை, சோதனையில் நிறுத்தாதே என்று மட்டும் சொல்கிறது. அந்த வகையில் ஆம்புலன்ஸுக்கு அதனால் பாதகம் இல்லை.

எதையும் கேட்காமல், பார்த்துப் போ என்று மட்டும் சொல்லும் விளக்கு ஒன்றும் சாலையில் உண்டு: பழுதான லாரியை இழுக்கும் வண்டியிலும் தார் போடும் இடத்திலும் எரியும் மஞ்சள். அது தனிக் கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)